தோமே எழுதிய அறுபத்திரண்டு புத்தகங்கள்

அன்றைக்கு நூலகத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். நூலகர் அம்மா, தாள்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அக்கா, பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கிக்கொண்டு தினமும் பேப்பர் படிக்க வரும் பழைய சிப்பாய் (எல்லாருக்கும் அவர் சொல்தா), அப்புறம் நான். ஐந்தாவதாகத் தோமே என்று ஒருவர் உண்டு என மத்தியானம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உப்பளம் பகுதியில் இருந்த அந்த நூலகம் புதுப் பட்டியல் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. பழைய அட்டைகளை ஓரங்கட்டிவிட்டு, புத்தகத்துக்கு ஒரு தாள் எழுத வேண்டும். நூறு என்று போட்ட கட்டத்தில் ஆசிரியர், இருநூற்று நாற்பத்தைந்தில் தலைப்பு. முதல் நாள் அதை விலையாக்கும் என்று நினைத்துப் பயந்துபோனேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். பத்துத் தப்புக்கு மேல் போனால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். நானோ அதுவரை வேலை பார்த்த நெல்லித்தோப்பு மாவு மில்லில், "இனிமே எனக்கு ஆபீஸ் வேலை" என்று பீற்றிக்கொண்டு வந்திருந்தேன். அங்கே திரும்பிப் போய் நிற்க முடியாது. அதனால் ஒவ்வொரு தாளையும் மூன்று தடவை சரிபார்ப்பேன். வீட்டில் படுத்த பிறகு மனசுக்குள் நான்காவது தடவை.

பிரெஞ்சு அலமாரிக்கு வந்ததும் கொஞ்சம் நிம்மதி. பாதிப் புத்தகத்தை ஒரே ஆள் எழுதியிருந்தார். முதல் பக்கத்திலேயே பளிச்சென்று பேர். டி, ஓ, எம், இ என்று கூட்டினால் தோமே. குருசுக்குப்பத்தில் தோமா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வகையறா என்று எடுத்துக்கொண்டேன். பேருக்குப் பின்னால் ஒரு இங்கிலீஷ் ஐ, சிலதில் இரண்டு ஐ, மூன்று ஐ. இன்ஷியல் என்று அதையும் விடாமல் எழுதினேன். படங்களைப் பார்த்தால் கப்பல், பூச்சி, சமையல் என்று மனிதர் எதையும் விட்டுவைக்கவில்லை.

அக்காதான் ஆரம்பித்தாள். "யாருங்க இந்தத் தோமே? எழுத ஒக்காந்தா எழுந்திரிக்கவே மாட்டாரா?"

சொல்தா எழுந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"யோவ், அது தோம். பிரெஞ்சுல பாகம்னு அர்த்தம். ஒரு ஐ போட்டா மொத பாகம், ரெண்டு ஐ போட்டா ரெண்டாம் பாகம். நீ பாகத்த ஆளாக்கி இன்ஷியலும் குடுத்திருக்க."

 நூலகர் அம்மா அந்தத் தாள்களைத் தனியாகப் பிரித்து எண்ணினார். அறுபத்திரண்டு.

"பத்துன்னு சொல்லியிருந்தேன்ல?"

"சொன்னீங்கம்மா. கெளம்பிடறேன்." பையை எடுத்துக்கொண்டேன்.

"இருய்யா," என்றார் சொல்தா. "ஏம்மா, ஒரே தப்ப அறுவத்திரண்டு வாட்டி செஞ்சா அது ஒரு தப்பா, அறுவத்திரண்டா? வேற எதுனா விட்டிருக்கானா பாருங்க."

அம்மா மீதித் தாள்களைப் பார்க்க அரை மணி நேரமானது. நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்கார்ந்தால் அதையும் ஒரு தப்பாகச் சேர்த்துவிடுவாரோ என்று பயம். கடைசியில் வேறு மூன்று தப்பு கிடைத்தது.

"ஆக நாலு," என்றார். "பைய வை. அறுபத்திரண்டையும் திருப்பி எழுது."

"தோமே சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு எழுதுங்க," என்றாள் அக்கா.

எழுதினேன். மாதக் கடைசியில் தாளுக்கு இரண்டு ரூபாய் என்று கணக்குப் பார்த்தார்கள். தப்பாக எழுதியதற்குக் காசு கிடையாது, அது நியாயம். திருத்தி எழுதியதையோ, "இந்தத் தாள் நம்பரெல்லாம் அப்பவே தள்ளுபடி ஆயிடுச்சேப்பா" என்று கணக்கு எழுதுபவர் ஒதுக்கிவிட்டார். வற்புறுத்திக் கேட்டால் தப்பு ஐந்தாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இன்னும் வரவேண்டியது நூற்று இருபத்து நான்கு ரூபாய்.