கண்ணை மூடிடுவீங்க

சுதந்திரம் வருவதற்குச் சில மாதங்கள் முன்னால், குடலிறக்க ஆபரேஷனுக்காக அரூர்ப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மேசையில் படுத்திருந்தேன். அப்போதுதான் தமிழ் பழகிக்கொண்டிருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா, மயக்க மருந்தை எடுத்தபடி அன்பாகச் சொன்னார்: “பயப்படாதீங்க. சீக்கிரம் கண்ணை மூடிடுவீங்க.”

ஊரையே கேலி பேசும் நான், போர்த்தியிருந்த துணியோடு வாசலுக்கு ஓடினேன்.

அங்கே வேலை பார்த்த பாப்பாரப்பட்டிக்கார நர்ஸ் மறித்தாள். “எங்கண்ணா ஓடறீங்க?”

“சாவறதுன்னா வூட்டுலயே சாவறேம்மா.”

கண்ணை மூடுவதென்றால் சாவது என்று அவள் சிரித்துக்கொண்டே டாக்டரம்மாவுக்கு விளக்கியதும், ஏற்கெனவே வெளுத்த அவர் முகம் இன்னும் வெளுத்தது. “வேற எப்படிச் சொல்லணும்?” என்று என்னிடமே கேட்டார்.

“தூங்கிருவீங்கன்னு சொல்லுங்க. அப்புறம் எழுந்திருவீங்கன்னும் சேர்த்துச் சொல்லுங்க.”

இரண்டையும் சொன்னார். திரும்பப் படுத்தேன்.

விழித்தபோது பக்கத்திலேயே இருந்தார். “எழுந்துட்டீங்க” என்றார், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி.

வயிற்றைக் கிழிக்கப் பதறாதவர், என்னைப் பயமுறுத்திவிட்டோமே என்று பதறினார். அதுதான் எனக்கு இன்னும் வியப்பு.