இடது காது

இது கட்டுக்கதை இல்லை. என் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. மாமா கதை அளக்கிற ஆள் இல்லை. எனக்குத் தெரிந்து வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறார், அதுவும் சின்னப் பொய். பேய் என்றால் நடுராத்திரி, இருட்டு என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இது நடந்தபோது ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மாமா ஒரு காது டாக்டரின் கிளினிக்கில் செவித்திறன் சோதிப்பவர். அங்கே ஒரு சின்ன அறை உண்டு. அறை என்று சொல்வதே மரியாதைக்குத்தான், ஆள் உயரப் பெட்டி. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி ஜன்னல், கனத்த கதவு. வெளிச்சத்தம் துளி நுழையாது. வந்தவரை உள்ளே உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பார்கள். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வெளியே மெஷினில் பச்சை விளக்கு எரியும். கேட்கவில்லையென்றால் சத்தத்தை ஐந்து ஐந்து டெசிபெல்லாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதலில் வலது காது, அப்புறம் இடது. ஒவ்வொன்றுக்கும் ஆறு சுருதி.

வேலைதான் இப்படியென்றால் பொழுதுபோக்கும் காதுதான். மாமாவுக்கு ஹெட்போன் பைத்தியம். வீட்டில் ஏழு இருக்கிறது. எட்டாவதில் வயலின் இன்னும் தெளிவாகக் கேட்குமாம். "கூப்பிட்டா காதுல விழாத மனுஷனுக்கு எதுக்கு இத்தனை ஹெட்போன்?" என்று அக்கா கேட்பாள். அதுவும் அவர் காதில் விழாது.

அந்த எட்டாவது ஒரு வியாழக்கிழமை வந்தது. அவரைப் போலவே ஹெட்போன் பைத்தியம் முற்றிய நண்பர் ஒருவர், சரியாக ஆறு மணிக்கு ரயில் நிலையத்தில் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். ஐந்தரைக்குக் கடைசி ஆளாக ஒரு பெரியவர் வந்தார். சரக்குக் கிடங்கில் சுமை வண்டி ஓட்டுபவர். சட்டையெல்லாம் டயர் வாசனை. காது சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால்தான் திரும்ப வேலைக்குச் சேர்ப்பார்களாம். மாமா வலது காதைச் சோதித்தார். நன்றாக இருந்தது. மணி பார்த்தார். ஐந்து ஐம்பது. ஒரே தலையில் இருக்கிற இரண்டு காதுதானே என்று, வலது காதின் கணக்கையே இடதுக்கும் எழுதிவிட்டார்.

பெரியவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். "தம்பி, இந்தப் பக்கம் வைக்கவே இல்லையே?" என்றார்.

"அதெல்லாம் ஆச்சு."

அந்த ஒரு பொய் இதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் விடுமுறை. சாவி மாமாவிடம் இருந்தது. பழைய ஹெட்போனையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்க ஊரிலேயே அமைதியான இடம் அந்தப் பெட்டிதான். கைபேசி பக்கத்தில் இருந்தால் இரைச்சல் வருமென்று வெளியே மேசையில் வைத்தார். காற்று உறிஞ்சும் விசிறி 'உய்ங்' என்று பாடுமென்று அதையும் நிறுத்தினார். அதன் சுவிட்சும் வெளியேதான். வெளியே போவதாகவும் வர எட்டாகுமென்றும் மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தார். கைக்கடிகாரத்தில் மணி 2:45. உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

கூடக் கொண்டுவந்த சின்னப் பாட்டுப் பெட்டியில் மாட்டி, பழையதில் ஒரு வயலின். புதியதில் அதே வயலின். அடேயப்பா... வில் கம்பியில் உரசுவது கூடக் கேட்டது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

2:52க்கு இடது பக்கம் மங்கியது. யாரோ உள்ளங்கையால் காதை மெல்லப் பொத்திய மாதிரி. புதுசிலேயே கோளாறா என்று எரிச்சலோடு ஹெட்போனை இடம் வலம் மாற்றி மாட்டினார். கோளாறு ஹெட்போனில் என்றால் அது வலது பக்கம் போக வேண்டும். போகவில்லை. இடது காதிலேயே இருந்தது.

பழையதை மாட்டினார். அதிலும் இடது பக்கம் மங்கல். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் முழு அமைதி.

அப்படியானால் குறை ஹெட்போனில் இல்லை. காதில். காது போனால் வேலையும் போச்சு, வயலினும் போச்சு. எழுந்து கதவின் கைப்பிடியைத் திருகினார். அது சும்மா சுற்றியது. தோளால் இடித்தார். அசையவில்லை. கத்தினார். தன் குரலே பஞ்சில் விழுந்த மாதிரி அடங்கிப் போனது. சத்தம் வெளியே போகாமலிருக்கத்தானே அந்தப் பெட்டியைக் கட்டியிருக்கிறார்கள்.

வியர்த்தது. காற்று கனத்தது. எட்டு மணி வரை தாங்குமா?

3:11. இடது காதில்...

பீப்.

மிக மெல்லியது. இருபது டெசிபெல் இருக்கும். பாட்டுப் பெட்டியை அணைத்தார். பீப். வயரைப் பிடுங்கினார். பீப். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

பீப்.

கண்ணாடி வழியே பார்த்தார். மெஷின் முன்னால் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது.

இருபத்தைந்து. முப்பது. முப்பத்தைந்து. பழகிய காது, தானாக எண்ணியது. சத்தம் கூடிக்கொண்டே போனது. யாருக்கோ கேட்கவில்லை. அதனால்தான் கூட்டுகிறார்கள்.

ஐம்பது... அறுபது... எழுபது...

இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். சத்தம் கைக்கு உள்ளே இருந்தது.

எண்பத்தைந்து.

டிக்.

கொக்கியில் தொங்கிய பட்டன். யாரும் தொடவில்லை. வெளியே சுவரில் பச்சை வெளிச்சம் விழுந்து மறைந்தது.

அடுத்த சுருதி. மறுபடி இருபதிலிருந்து...

அப்போதுதான் டயர் வாசனை வந்தது. ஒரு ஆள் உட்காரும் இடம் அது. அவருடைய இடது தோளை ஒட்டி இன்னொரு தோள் இருந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

மூன்றாவது சுருதி. தொண்ணூறு. டிக்.

நான்காவது.

ஐந்தாவது.

மாமா அழுதுவிட்டார்.

ஆறாவது. எண்பத்தைந்து... தொண்ணூறு... தொண்ணூற்றைந்து...

டிக்.

அமைதி. பிறகு இடது காதோரம், நிதானமாக ஒரு குரல்.

"இப்ப ஆச்சு தம்பி."

கைப்பிடி தானாகத் திரும்பியது. கதவு திறந்தது. மணி 3:34. செருப்பைக் கூட எடுக்காமல் ஓடி வந்தவர், அன்று இரவு முழுக்க விளக்கை அணைக்கவிடவில்லை என்று அக்கா சொன்னாள்.

திங்கட்கிழமை காலை டாக்டர் கூப்பிட்டார். மேசையில் அந்தப் பெரியவரின் கோப்பு விரிந்திருந்தது. கிடங்கிலிருந்து போன் வந்ததாம். பெரியவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. இடது பக்கத்திலிருந்து ஒரு வண்டி ரிவர்ஸில் வந்திருக்கிறது. ரிவர்ஸில் வரும்போது அடிக்கும் பீப் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டிருக்கிறது. எல்லோரும் ஒதுங்கியிருக்கிறார்கள். வலது காதை ஒரு மெஷின் இரைச்சல் அடைத்திருக்க, அவர் மட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டர் இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்று வியாழக்கிழமையது, மாமாவின் கையெழுத்தோடு. இன்னொன்று காலையில் மெஷினில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம். அதே பெரியவரின் கோப்பு எண். வலது காதுக் கட்டம் வெறுமையாக இருந்தது. இடது காதில் ஆறு புள்ளியும் அடியில் கிடந்தன. அது கிட்டத்தட்டச் செத்த காது.

"இதுல எது நீ எடுத்தது?"

மாமா இந்த முறை பொய் சொல்லவில்லை. வேலை போனது. எட்டு ஹெட்போனும் பரணில் இருக்கின்றன. தெருவில் ஏதாவது வண்டி பீப் அடித்துக்கொண்டு ரிவர்ஸில் வந்தால் இன்றைக்கும் இடது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார்.

அந்த இரண்டாவது தாளை நானும் பார்த்தேன். மேல் மூலையில் தேதி ஞாயிற்றுக்கிழமை, சோதனை தொடங்கிய நேரம் 3:11 என்று அச்சாகியிருந்தது.

கிடங்கில் பெரியவர் இறந்தது 2:52க்கு.