கழிமுகத்தில் சொல்லாத ஒரு வார்த்தை

ஆள் கூட்டிவரப் போய் நான் வெறுங்கையோடு திரும்பியதே இல்லை. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை கிடையாது. திருப்பூரில் பனியன் யூனிட் நடத்துகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான்: பண்டிகைக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் சொன்ன தேதியில் திரும்ப மாட்டார்கள். போன் செய்தால் காய்ச்சல் என்பார்கள், மச்சினிக்குக் கல்யாணம் என்பார்கள். மற்ற முதலாளிகள் மேனேஜரை வேனில் ஏற்றி அனுப்புவார்கள். நான் நேரில் போவேன்.

அதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். வாசலிலேயே விஷயத்தை எடுக்கக் கூடாது. எங்கள் கொங்குப் பக்கத்தில் அது மரியாதை இல்லை. போட்டதைச் சாப்பிட வேண்டும். ஆடு, கோழி, மாமியாரின் முழங்கால் வலி வரைக்கும் விசாரிக்க வேண்டும். கிளம்பி எழுந்து நிற்கும்போது, போகிற போக்கில், "போலாமா கண்ணு?" என்று ஒரே ஒரு வார்த்தை. வீடு தேடி வந்து கை நனைத்தவள் வாய் திறந்து கேட்ட பிறகு, மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் நாக்கு எழாது.

போன ஜனவரியில் வராமல் போனது சாதாரண ஆள் இல்லை, என்னுடைய சாம்பிள் டெய்லர். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கு முதலில் அனுப்பும் மாதிரிச் சட்டையை அவள் தைத்தால்தான் கழுத்துப் பட்டி நெளியாமல் நிற்கும். அந்தச் சட்டை ஓகே ஆனால்தான் ஆர்டர். ஒன்பது வருஷம் என்னிடம் இருந்தவள். அவள் புருஷனும் இங்கே சாயப்பட்டறையில் இருந்தவர்தான். அந்த வேலை ஒத்துவராமல் நாலு வருஷத்துக்கு முன்பே ஊருக்குத் திரும்பி, படகும் வலையுமாக ஆகிவிட்டார். கிறிஸ்துமஸுக்கு அவரிடம் போனவள் பொங்கல் கழிந்தும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. மாதக் கடைசிக்குள் ஒரு சாம்பிள் போயாக வேண்டும். ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு டப்பா வாங்கிக்கொண்டு, திரும்பும்போது அவள் சாமான்களை ஏற்ற வேனில் பின்பக்கம் இடம் விட்டு, விடியற்காலையே கிளம்பிவிட்டேன். தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில்தான் அவள் ஊர்.

என்னைப் பார்த்து அவள் ஆச்சரியப்படவே இல்லை. "வாங்கக்கா" என்று உள்ளே கூப்பிட்டு, நண்டுக் குழம்பு வைத்துச் சோறு போட்டாள். நண்டை எங்கே உடைப்பது என்று தெரியாமல் நான் முழிக்க, அவளே உடைத்துச் சதையை எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் எல்லோரையும் விசாரித்து முடித்தேன். எழுந்திருக்கும் நேரத்தில் அவள் முந்திக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஆத்துவாயப் பாக்காமப் போவியளாக்கா?"

சரி, அதையும் பார்த்துவிட்டுக் கேட்போம் என்று படகில் ஏறினேன். அவள் புருஷன் ஓட்டினார்.

நான் அமராவதிக் கரையில் பிறந்தவள். கோடையில் மணலைத் தோண்டித்தான் எங்கள் ஆற்றில் தண்ணீரைப் பார்க்க முடியும். இங்கே எதிர்க்கரை தெரியவே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் வேரை வெளியே நீட்டிக்கொண்டு அலையாத்தி மரங்கள், சேற்றில் நாரைகள், அவற்றுக்கு அப்பால் கடல். ஆற்றின் பழுப்பும் கடலின் பச்சையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் உப்பா, நல்ல தண்ணியா என்று நாக்கில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். லாரியில் வாங்குகிற தண்ணீரைக்கூட ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் விடச் சொல்வோம். நான் கையை விட்டு எடுத்து நக்கினேன். லேசான கரிப்பு. "இன்னும் கொஞ்சம் போங்க" என்றேன். மறுபடி நக்கினேன். ஆறு எந்த இடத்தில் முடிந்து கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவது என்று முடிவே கட்டிவிட்டேன்.

"தண்ணி வத்துதுக்கா, திரும்பிருவமா?" என்றார் அவர்.

"இத்தன தண்ணி எங்கீங்க போயிரப் போவுது? அந்தப் பக்கம் ஒருக்கா பாத்துப் போடலாங்க."

வற்றினால் அடுத்த மழைவரைக்கும் வற்றியே கிடக்கும் ஊரில் வளர்ந்தவள் நான். காலையில் வந்து மத்தியானம் போய்ச் சாயங்காலம் திரும்பி வருகிற தண்ணீரைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கால் மணி நேரத்தில் படகு மணல்திட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் இறங்கித் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. கோபப்படாமல் சிரித்தார். இனித் தண்ணீர் ஏறினால்தான் நகரும் என்று சொல்லிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து, எட்டத்தில் போட்டிருந்த நண்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

படகில் நாங்கள் இருவர் மட்டும். தண்ணீரை அள்ளி அள்ளி நனைந்துபோன சேலைத் தலைப்பை நான் பிழிந்துகொண்டிருந்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள். "எப்பக் கேப்பிய, எப்பிடிக் கேப்பியன்னு எனக்குத் தெரியும். ஒங்ககூட வேன்ல எத்தன வீட்டுக்கு வந்திருக்கேன்."

வந்திருக்கிறாள். திண்டுக்கல் பக்கமும் மதுரைப் பக்கமும் ஆள் கூட்டிவரப் போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"வருசத்துல கிறிஸ்மஸுக்குப் பத்து நாளு. நாலு வருசமா அவ்வளவுதான் எங்க குடும்பம். இந்தத் தடவ அவரு போகாதன்னு சொல்லலக்கா. என் பையில துணிய அடுக்கி வச்சிட்டு வெளிய போயி உக்காந்துக்கிட்டாரு. என்னால கெளம்ப முடியல." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க கேட்டியன்னா நான் வந்திருவேன். மறுக்க எனக்கு வாய் வராது. அதான் போனையே எடுக்கல. கேட்டுராதீங்கக்கா."

அவள் சொன்னதில் பொய் ஒரு துளி இல்லை. கேட்டால் வந்துவிடுவாள். வந்து, நெளியாத கழுத்துப் பட்டியாகத் தைத்துத் தள்ளுவாள். அந்த வார்த்தை என் நாக்கு நுனியில்தான் இருந்தது. தூரத்தில் அவள் புருஷன் குனிந்து வலையைத் தூக்குவதும், நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்ப்பதுமாக இருந்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்கும் பயம்.

தண்ணீர் ஏற மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை மெஷினைப் பற்றியும் நண்டைப் பற்றியும் பேசினோம். படகு ஒரு குலுங்கு குலுங்கிக் கிளம்பியது. கரைக்கு வந்து வேன் கதவைத் திறந்தபோது அவள் மாரோடு கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். கிளம்புகிற போக்கில் நான் கேட்கிற நேரம் அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

"வெண்ணெயச் சீக்கிரம் உருக்கி வெச்சுரு கண்ணு, கெட்டுப் போயிரும்" என்று சொல்லி ஏறிக்கொண்டேன். வேன் திரும்பியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளை விட்டுவிட்டு வரும் துக்கம் பாதி, ஆர்டர் கை நழுவும் ஆத்திரம் மீதி.

சாம்பிளை நானே தைத்தேன். பட்டி நெளிந்தது. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. செய்தி கேட்டு, அவிநாசி ரோட்டில் யூனிட் வைத்திருக்கும் நாலு பேர் துக்கம் விசாரிப்பது போல் வந்து விசாரித்தார்கள்.

"ஏனுங்க, நீங்க நேர்ல போயுமா வரமாட்டேன்னுட்டா?"

"நான் கேக்கவே இல்லீங்க" என்றேன். ஒருவரும் நம்பவில்லை.