தாம்பாளத்தில் என் காது

போன வருடம் ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோரிப்பாளையத்தில், மெயின் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் காலையிலிருந்தே அமளிதுமளி. மகளைப் பெண் பார்க்க எழுமலையிலிருந்து வருகிறார்கள். என் காது மெஷின் உயிரை விடுவதற்கு அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தது.

காது மெஷின் என்றதும் என்னைத் தொண்டு கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். அறுபது ஆவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வந்த ஒரு விஷக்காய்ச்சல், போகிறபோது என் கேட்கும் சக்தியையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. வலது காது சுத்தமாக அவுட். இடது காதுக்கு மட்டும், காதுக்குப் பின்னால் முந்திரிப் பருப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும் ஒரு மெஷின். அதிலிருந்து மெல்லிய டியூப் ஒன்று வளைந்து வந்து, காதுக்குள் அடைக்கிற பிளாஸ்டிக் அச்சில் சேரும். மாட்டிக்கொண்டால் பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் தெளிவாகக் கேட்கும். கழற்றிவிட்டால் பஸ் ஹாரன்கூட எங்கேயோ யாரோ தும்முவது போலத்தான்.

எங்கள் வீட்டில் நானும் மகளும் ஒரு கட்சி. மிக்ஸியானாலும் அயர்ன் பாக்ஸானாலும் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் பரப்பி, சரி செய்யாமல் விடமாட்டோம். என் கணவர் எதிர்க்கட்சி. ஒரு சாமான் லேசாக இருமினாலே போதும், "புதுசு வாங்கிருவோம்" என்பார்.

வெள்ளிக்கிழமையே மெஷினில் சத்தம் மங்க ஆரம்பித்துவிட்டது. வரப்போகிறவர்களுக்காக முறுக்குச் சுட்டபோது அதைக் கழற்றி வைக்க மறந்திருந்தேன். வேர்வையும் ஆவியும் உள்ளே போயிருக்கும் என்று நினைத்து, தண்ணீரில் விழுந்த செல்போனை அரிசியில் போட்டு வைப்பார்களே, அதே வைத்தியத்தைச் செய்தேன். மகளிடம் சொல்லவில்லை. ஞாயிறு காலை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து மாட்டிப் பார்த்தால், மூச்சுப் பேச்சு இல்லை.

மெஷின் வாங்கிய கடைக்காரருக்கு என் கணவர் போன் போட்டார். பழைய மாடல், இதற்குச் செலவழிப்பது வீண், நாளைக்கு வாருங்கள் புதிதாகப் பார்க்கலாம் என்று பதில் வந்ததாம். அதை ஒரு தாளில் பெரிசாக எழுதி என்னிடம் காட்டினார். கீழே அவருடைய சொந்தச் சரக்காக, "புதுசு வாங்கிருவோம்".

காது மெஷின் என்ன சேலையா, நாளைக்கு வாங்கி நாளைக்கே கட்டிக்கொள்ள? புது மெஷின் போட்டால் சொந்தக் குரலே யாரோ பேசுவது போல இருக்கும். பழகிப்போக வாரக்கணக்காகும். இந்த மெஷினும் நானும் பட்டபாடெல்லாம் பட்டு இப்போதுதான் ஒத்துப்போகிறோம். அதோடு, எனக்குக் காது வேண்டியிருந்தது நாளைக்கு அல்ல, இன்றைக்கு.

ஏன் அவ்வளவு பதற்றம் என்றால், அதற்கு முன்பு வந்த ஒரு சம்பந்தம் இந்தக் காதால்தான் தட்டிப்போனது. அவர்களுக்கு மகளைப் பிடித்திருந்தது. நிச்சயத்துக்கு நாள் பார்க்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. பலகாரம் பரிமாறக் குனிந்தபோது மாப்பிள்ளையின் அக்கா என் காதையே பார்த்தார். போனவர்களிடமிருந்து அப்புறம் சத்தமே இல்லை. பரம்பரையாக வருமோ என்று யோசிக்கிறார்கள் என்று தரகர்தான் இழுத்து இழுத்துச் சொன்னார். காய்ச்சலில் போன காது எப்படிப் பரம்பரையாகும்? யாரிடம் போய் வாதாடுவது? அன்று ராத்திரி தலையணைக்கு மட்டும்தான் தெரியும் நான் அழுதது.

அதனால் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தேன். மல்லிகைப்பூவை அடர்த்தியாகத் தொடுத்து, இடது காது மறைகிற மாதிரித் தொங்கவிட்டுக்கொள்வது. மகள் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"மறைச்சு வச்சு நடக்குற கல்யாணம் எனக்கு வேணாம்மா. வந்ததும் சொல்லிருவோம்."

"அவுக உன்னையப் பாத்துப் புடிச்சுப் போகட்டும்டி. அப்புறமாப் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

ஒரு வாரமாக இதே பாட்டு. அவளைக் கேட்டால் என்னைப் பிடிவாதக்காரி என்பாள். எனக்கோ, என் காதால் இன்னொரு தடவை அவள் கல்யாணம் நின்றுவிடக் கூடாது. அதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மூன்று மணிக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் சீக்கிரமே சாப்பிட்டு முடித்து, மகள் மெஷினோடு மேஜையில் உட்கார்ந்தாள். பழம், வெற்றிலை வைக்க எடுத்து வைத்திருந்த எவர்சில்வர் தாம்பாளங்களில் ஒன்றை இழுத்துக்கொண்டாள். விளிம்பு இருப்பதால் சின்னச் சாமான்கள் உருண்டு ஓடாது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். இடுக்கி பிடித்தால் கை நடுங்காது. டியூப்பைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள், என் பக்கம் திரும்பினாள். அவள் உதடு அசைவது எனக்கு மனப்பாடம்.

"அரிசிக்குள்ள போட்டியாம்மா?"

மாட்டிக்கொண்டேன். அரிசியில் இருந்த தவிட்டுத் தூசி, உள்ளே தேங்கியிருந்த ஈரத்தோடு சேர்ந்து டியூப்பை அடைத்துவிட்டிருந்தது. என் காதுக்கு நானே கூழ் காய்ச்சி ஊற்றியிருக்கிறேன். மஞ்சள் பூத்து விறைத்துப்போயிருந்த டியூப் வேறு, கழற்றிய வேகத்தில் விரிசல் விட்டிருந்தது. நல்லவேளை, மெஷின் வாங்கியபோது கொடுத்த உபரி டியூப் ஒரு துண்டு டப்பாவிலேயே கிடந்தது. ஆனால் அதை அச்சின் துளைக்குள் நுழைக்க முடியவில்லை. துளை இறுக்கமாக இருந்தது, டியூப் தடிமனாக இருந்தது. அவள் மூக்கு நுனியில் வேர்வை துளிர்த்ததுதான் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மணி ஒன்றரைகூட ஆகவில்லை. எமகண்டம் பிறப்பதற்கு முன்னாலேயே ஊரில் கிளம்பிவிட்டார்களாம்! மகள் சேலை மாற்ற ஓடினாள். என் கணவர் தாம்பாளத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினார். நான் பூவை இழுத்துக் காதை மூடினேன். மூடுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். விவசாயக் குடும்பம். பையன் பரவையில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்கள் விற்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கலகலப்பாகப் பேச ஆரம்பித்தார். நான் சிரித்தேன், தலையாட்டினேன். அவர் சிரித்தபோது கூடச் சிரித்தேன். ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிற வரைக்கும் இது நன்றாகவே செல்லுபடியாகும். பேச்சை நிறுத்திவிட்டு நம் முகத்தைப் பார்க்கும்போதுதான் குட்டு உடையும். அவர் நிறுத்தினார், பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தைரியமாக, "ஆமாமா" என்றேன். என் கணவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த அம்மா கேட்டாராம்.

அப்போது மகள் வந்தாள். கையில் காபி இல்லை. அந்தத் தாம்பாளம் இருந்தது. டீப்பாயின் மேல் வைத்து, துண்டை எடுத்தாள். முந்திரிப் பருப்பும் அச்சும் விரிசல்விட்ட டியூப்பும் பேட்டரியும், அத்தனையும் சபையில்.

"அம்மாவுக்குக் காது கேக்காதுங்க. இந்த மெஷின் போட்டாத்தான் கேக்கும். காலையில கெட்டுப்போச்சு. சரி பண்ணிட்டு இருந்தப்ப நீங்க வந்துட்டீங்க" என்றாள். அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். அதற்குள் என் கண்ணில் நீர் முட்டிவிட்டதால் உதடு தெரியவில்லை. போச்சு, இதுவும் போச்சு என்று மட்டும் மனசுக்குள் ஓடியது. அவள்மேல் வந்த கோபத்தில், எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்றிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அப்பா என் கணவரிடம் ஏதோ சொல்லி, மாடிப்படியைக் கை காட்டினார். பிள்ளைகள் இருவரும் தனியாகப் பேசட்டும் என்கிறார் என்று புரிந்தது. போன தடவையும் இப்படித்தான், மரியாதைக்குக் குறைவில்லாமல் எல்லாச் சடங்கும் நடந்தது.

மாப்பிள்ளை எழுந்தார். படியேறவில்லை. குனிந்து தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு மகளிடம் ஏதோ கேட்டார். இருவரும் போய்ச் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

ஹாலிலிருந்து பார்த்தால் மேஜை நன்றாகத் தெரியும். அவர் டியூப்பை விரலால் உருட்டிப் பார்த்தார். நுனியைச் சரிவாக வெட்டலாம் என்று விரலாலேயே காட்டினார். மகள் கத்திரிக்கோல் கொண்டுவந்து வெட்டினாள். தையல் பெட்டியிலிருந்து நூல் எடுத்து, கூர்மையான அந்த நுனியில் கட்டி, அச்சின் துளை வழியாக வெளியே எடுத்தாள். அச்சை அவர் பிடித்துக்கொள்ள, நூலை இவள் இழுத்தாள். அறுந்தது. அவர் என்னவோ சொன்னார், இவள் களுக்கென்று சிரித்தாள். அந்த வாரம் முழுக்க என் மகள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுபடி கட்டினார்கள், மறுபடி இழுத்தார்கள். இந்தத் தடவை டியூப் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அடுத்து, அதன் மறுமுனையை மெஷினில் மாட்ட வேண்டும். மாப்பிள்ளை தன் அம்மாவிடம் திரும்பி ஏதோ கேட்க, அவர் எழுந்து நேராக என் அடுப்படிக்குள் போனார். பதறிப்போய் நானும் எழுந்தேன். மதியம் சமைத்த பாத்திரமெல்லாம் அப்படியே கிடக்கிறதே! அவர் என் தோளை அமுக்கி உட்கார வைத்துவிட்டுப் போய், ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்தார். சொட்டுநீர்க் குழாயை இப்படித்தான் இளக்கி மாட்டுவார்களாம். டியூப்பின் நுனியை வெந்நீரில் முக்கி எடுத்து அழுத்தியதும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

இவ்வளவு நேரமும் இருவரும் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த வீட்டில் அதைக் கேட்க முடியாதவள் நான் ஒருத்திதான். மற்ற மூன்று பேரும் காது கேட்டும் கேட்காத மாதிரி, ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புது பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து மாப்பிள்ளை உள்ளே போடப் போனார். எனக்குப் பொறுக்கவில்லை.

"இருங்க இருங்க! ஒடனே போடக் கூடாது. ஒரு நிமிசம் காத்து வாங்கணும்!"

கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. நான் போட்ட சத்தத்தில் மாப்பிள்ளையின் அப்பா தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். ஆனால் விஷயம் சரிதான். அந்தப் பொடி பேட்டரி காற்றுப் பட்டால்தான் வேலை செய்யும். ஆகவே எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். மெஷின் வேலை செய்யுமா என்கிற கவலை எனக்கு அவ்வளவாக இல்லை. செய்தால், இவர்கள் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பப் போகிறார்கள் என்பது என் காதிலேயே விழுமே, அதுதான் பயம். இந்த ஒரு நிமிடம் இப்படியே நீளட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டேன்.

மகள் வந்து என் பூவைப் பின்னால் தள்ளிவிட்டாள். நான் தடுக்கவில்லை. அச்சைக் காதுக்குள் பொருத்தி, பேட்டரிக் கதவை மூடினாள். கீங் என்று ஒரு விசில். அப்புறம் ஃபேன் சத்தம். அப்புறம் தெருவில் ஒரு ஆட்டோ. மாப்பிள்ளை என் முன்னால் குனிந்து, வாயை அகலத் திறந்து கேட்டார்.

"அத்தே, கேக்குதா?"

இன்னும் பெரியவர்கள் யாரும் எதுவும் பேசி முடிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அத்தை என்று கூப்பிட்டுவிட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது தெரிந்திருக்கும் போல, காது மடல் சிவந்து நிமிர்ந்து நின்றார். மகள் தாம்பாளத்தில் இல்லாத சாமானைத் தேடிக்கொண்டிருந்தாள்.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

"நல்லாக் கேக்குது மாப்ள" என்றேன்.

"அம்புட்டுத்தான்! இனி நாம பேச என்ன இருக்கு?" என்று அவருடைய அம்மா சிரித்த சிரிப்பு, என் மெஷினுக்குக் கொஞ்சம் அதிகம்தான். நான் அவசர அவசரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இது காய்ச்சலில் போன காது, பரம்பரை வியாதி இல்லை என்று ஆரம்பித்தேன்.

"அதையெல்லாம் ஒங்க மக அப்பவே சொல்லிருச்சு மதினி. ஒங்களுக்குத்தான் கேக்கல" என்றார். "இப்பச் சொல்லுங்க, கூடப்பொறந்தவுக எத்தன பேரு?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. நிச்சயத்துக்குத் தட்டு மாற்றியபோது அந்தத் தாம்பாளத்தைத்தான் வைக்க வேண்டும் என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். புதுசு வாங்கிருவோம் கட்சியில் இப்போது மாப்பிள்ளையும் சேர்ந்துவிட்டார். நான் அசையவில்லை. டியூப் விறைத்துப்போனால் இருவரும் பரவையிலிருந்து வருவார்கள், மேஜையில் பரப்புவார்கள், நான் வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். தினமும் காலையில் மெஷினை மாட்டி அந்தக் கீங் சத்தம் கேட்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்: யாருக்கும் தெரியக் கூடாதென்று நான் பூ வைத்து மறைத்தேனே, அந்தக் காதில்தான் முதன்முதலாக ‘அத்தே’ என்று விழுந்தது.