வாத்து லேபிள் ஒட்டிய மனு

அந்த வாத்தை ஒட்டியது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை.

கோவில்பட்டியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் எனக்கு ஒரு கடை இருந்தது. முதலில் அது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அதனால் ஊருக்கே நான் டீச்சர். தட்டச்சு படிக்க ஆள் வராமல் போனதும் மெஷின்களை ஓரங்கட்டிவிட்டு ஜெராக்ஸ், பிரவுசிங் என்று மாறிக்கொண்டேன். தகவல் உரிமைச் சட்டம் வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம் அது. மனு எழுதித் தரச் சொல்லி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ரேஷன் கடை இருப்பு, பாதியில் நின்ற ரோடு, தொலைந்துபோன பட்டா என்று ஆளுக்கொரு கேள்வி. எழுதி எழுதி எனக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. ஒருவருக்கு வந்த பதில் இன்னொருவருக்கும் உதவுமே என்று, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் தம்பியை நச்சரித்து ஒரு வெப்சைட் போட வைத்தேன். மனுவையும் வந்த பதிலையும் ஸ்கேன் செய்து அதில் ஏற்றுவேன்.

அதில் ஒரு பக்கம் முழுக்கச் சொல் விளக்கம். ஆபீஸ் தமிழைப் பார்த்தாலே சனங்கள் மிரளுகிறார்களே என்று நானே உட்கார்ந்து எழுதியது. ‘பொதுத் தகவல் அலுவலர்: உங்கள் மனு போய் உட்காரும் மேசைக்குச் சொந்தக்காரர். முப்பது நாளுக்குள் வாய் திறந்தாக வேண்டியவர்.’ ‘மேல்முறையீடு: அவர் வாய் திறக்காவிட்டாலோ, திறந்தும் உளறினாலோ, அவருக்கு மேலே இருப்பவரைத் தட்டி எழுப்புவது.’ இப்படிப் போகும். ‘மறைத்தல்’ என்பதற்கு என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? ‘மனுதாரர் யார் என்று காட்டிக்கொடுக்கும் எதையும் மூடிவிட்டு ஏற்றுவது. எங்கள் தளம் இதைக் கண்ணும் கருத்துமாகச் செய்யும்.’ கண்ணும் கருத்துமாக! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அப்படி மனு எழுதக் கேட்டு வந்தவள்தான் அவள். எப்போதும்வென்றான் என்ற ஊரில் பிறந்து கோவில்பட்டிக்கு வாக்கப்பட்டு வந்தவள். ஒரு தீப்பெட்டி ஆலையிலிருந்து பெட்டியும் லேபிளும் வாங்கிவந்து வீட்டில் வைத்து ஒட்டிக் கொடுப்பாள். அவளுடைய தங்கைக்கு அதே ஆலையில் குச்சிக்கு மருந்து முக்கும் அறையில் வேலை. ஒருநாள் அங்கே தீப்பிடித்து அந்தப் பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோயின. ஆலைக்காரர்களோ, அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை, ஆஜர் பட்டியலில் பேரே கிடையாது, வீட்டு அடுப்பில் சுட்டுக்கொண்டு எங்கள் மேல் பழி போடுகிறாள் என்று சாதித்துவிட்டார்கள். மறுநாள் வந்த தொழிற்சாலை ஆய்வாளர் ஆஜர் பட்டியலை நகல் எடுத்துப் போயிருந்தார். அதற்கப்புறம்தான் ஆலையில் புதுப் பட்டியல் எழுதினார்கள் என்று பேச்சு. மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் அந்தப் பழைய நகல் வேண்டும். மனு அவ்வளவுதான்.

“தங்கச்சியால பேனா பிடிக்க முடியாதுக்கா. எம் பேருலயே எழுதுங்க” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா நாந்தான் எழுதுனேன்னு தெரிஞ்சா லேபிள நிறுத்திருவாவக்கா. எனக்கு வேற பொழப்பு கெடையாது. அவளுக்கும் நாந்தான் ஊட்டிவிடுதேன்.”

“ஏட்டி, உம் பேரு என் தொண்டைக்குள்ள போயிட்டு. இனி வெளிய வராது” என்று சொன்னேன். பெரிய இவள் மாதிரி.

மூன்று வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. கேட்ட ஆவணம் மூன்றாம் தரப்பினர் சம்பந்தப்பட்டதாம், அவருடைய கருத்தைக் கேட்டிருக்கிறார்களாம். என் சொல் விளக்கத்தில் இதுவும் உண்டு. ‘மூன்றாம் தரப்பு: நீங்கள் கேட்கும் காகிதம் யாரைப் பற்றியதோ அவர்.’ அதாவது ஆலை முதலாளி. எனக்கு உச்சந்தலைவரை சூடு ஏறிவிட்டது. உடனே அலுவலகத்துக்குப் போனைப் போட்டு, திருடனிடமே போய்ச் சாவி கேட்பீர்களா என்று பிடிபிடியென்று பிடித்தேன். எதிர்முனையில் இருந்த குமாஸ்தா பொறுமையான ஆள்.

“ஏம்மா இந்தக் கத்து கத்துதீங்க? கருத்துக் கேக்கணும்னு சட்டமே சொல்லுது. ஒரு மனுதாரர் கேட்டிருக்காருன்னுதான் எழுதியிருக்கோம். பேரு, ஊரு எதுவும் போகலை.”

போனை வைத்தேன். ஆக, எவரோ கேட்டிருக்கிறார் என்று முதலாளிக்குத் தெரியும். யார் என்று தெரியாது. தேடிக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் புத்தி உள்ளவள் என்ன செய்வாள்? சும்மா இருப்பாள். எனக்குக் கோபம் அடங்கவில்லை. முதலாளியைக் கேட்டுத்தான் தருவார்களாம், ஊரே பார்க்கட்டும் என்று அந்தக் கடிதத்தை வெப்சைட்டில் ஏற்றத் தீர்மானித்தேன். அவள் தயங்கினாள். “காகிதம் கைக்கு வந்தப்புறம் போடலாமேக்கா” என்றாள். நான்தான் “பயந்தா ஒண்ணும் நடக்காது பிள்ள” என்று அவள் வாயை அடைத்தேன்.

ஸ்கெட்ச் பேனாவால் கறுப்படித்தால் ஸ்கேனர் வெளிச்சத்தில் அடியிலுள்ள எழுத்து தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒரு மனுவில் அப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். அதனால் பேரும் விலாசமும் இருக்கும் இடத்தில் கெட்டித் தாளை வெட்டி ஒட்டுவேன். அன்றைக்குப் பார்த்துக் கெட்டித் தாள் தீர்ந்துவிட்டது. அவளோ ஆலையிலிருந்து நேரே வந்திருந்தாள். வயர்கூடை நிறைய லேபிள் கட்டு. சிவப்புத் தரையில் வெள்ளை வாத்து.

“ரெண்டு லேபிள் குடேன்” என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். பேர் மேல் ஒன்று, விலாசத்தின் மேல் ஒன்று. அளவெடுத்து அடித்த மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. “நான் வாத்தாயிட்டேங்கா” என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கலரில் ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டு டீ வாங்கிக் குடித்தோம்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, விரலில் பச்சைக்கல் மோதிரம். “டீச்சர், உங்க வெப்சைட்டுல வாத்துப் படம் போட்ட லெட்டர் ஒண்ணு இருக்காம்லா. அதுல ஒரு காப்பி வேணும்” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாளில் ஊருக்குள் பேச்சாகிவிட்டதே! “கலர்லயா அண்ணாச்சி?”

“கலர்லதான் வேணும்.”

பிரிண்டர் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார். “வாத்து எதுக்கு டீச்சர்?”

“மனுப் போட்டவங்க பேர மறைக்கதுக்கு அண்ணாச்சி.”

“நல்லா மறைச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, தாளை மடிக்காமல் கவருக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

பத்து மணி சுமாருக்கு அவள் வந்தாள், கம்ப்யூட்டரில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க. பக்கத்தைத் திறந்து பெரிதாக்கிக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

“அக்கா, இது எங்க லேபிளு.”

“அதுக்கென்ன? ஊரெல்லாம்தான் லேபிளு கெடக்கு.”

“இது இன்னும் கடைக்கே வரலக்கா. புதுசு. ஒட்டிப் பாக்கச் சொல்லி மூணு வீட்டுக்குத்தான் குடுத்திருக்காவ.”

நாளெல்லாம் கை தொட்டுக் கை தொட்டு அவளுக்கு அது வெறும் காகிதமாகிவிட்டது. எனக்கு அது வெறும் வாத்து. நேற்று இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பக்கத்தை நீக்க மவுஸில் கை வைத்தேன். கரண்ட் போய்விட்டது.

அந்த வருடம் தினமும் அந்த நேரத்துக்குக் கரண்ட் போகும், வர இரண்டு மணி நேரம் ஆகும். யுபிஎஸ் பேட்டரி செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தம்பிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். மீட்டிங்கில் இருந்தானாம் மகராசன். கடைக்குள் புழுக்கம் தாங்கவில்லை. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கூடையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“யாரும் பாத்திருக்க மாட்டாவல்லாக்கா?”

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். முடியவில்லை. “காலைல ஒருத்தர் பிரிண்ட் எடுத்துட்டுப் போனாரு” என்றேன்.

“பச்சக்கல் மோதரமா?”

தலையை ஆட்டினேன். அவர் ஆலைக் கணக்கப்பிள்ளை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கூடையை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டாள். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் வந்ததும் பக்கத்தை நீக்கினேன். நீக்கி என்ன?

மறுநாளே மூன்று வீட்டுக்கும் லேபிள் நின்றுவிட்டது. கேள்விப்பட்டதும் என்னால் கடையில் உட்கார முடியவில்லை. பூட்டிவிட்டு நேரே ஆலைக்குப் போனேன். கணக்கப்பிள்ளை எழுந்து நின்று நாற்காலி போட்டு மரியாதையாகத்தான் உட்காரவைத்தார்.

“அண்ணாச்சி, அந்த லேபிள் ரோட்டுல கெடந்தது. நாந்தான் பொறுக்கிட்டு வந்து ஒட்டுனேன்” என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே மட்டமான பொய் அதுதான்.

“கடைக்கே போகாத லேபிள் ரோட்டுல எங்கன டீச்சர் கெடக்கும்?” அவர் கோபப்படவே இல்லை. “ஒரு மனுதாரர்னு ஆபீஸ்லருந்து கடுதாசி வந்துச்சு. யாருன்னு தலைகீழா நின்னு கேட்டும் அவிய சொல்லலை. நீங்கதான் காட்டிக்குடுத்தீங்க. மூணு பேருல எழுதுனவ வந்து நாந்தான்னு சொல்லட்டும். மத்த ரெண்டு பேருக்கும் அன்னைக்கே லேபிள் போகும்.”

யாரை வாய்க்கு வந்தபடி ஏசினேனோ, அந்தக் குமாஸ்தா காப்பாற்றியிருக்கிறார். நான் அவளைச் சந்தியில் நிறுத்திவிட்டேன். வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கணக்கப்பிள்ளை சொன்னதை அவளிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பேச்சு எப்படியோ அவள் காதுக்கும் போய், மூன்றாம் நாள் அவளே வந்தாள். வெறுங்கூடை.

“அந்த லெட்டர திரும்பப் போடுங்கக்கா.”

“என்ன பேசுத நீ?”

“வாத்த எடுத்துட்டு எம் பேரோட போடுங்க. மத்த ரெண்டு வீட்டுலயும் சின்னப் பிள்ளைக இருக்கு. அவங்களுக்கு இந்த மனு என்னன்னுகூடத் தெரியாது. நான் ஆலைக்குப் போயி அவியகிட்டச் சொல்லிட்டுத்தான் வாரேன், நாந்தான் எழுதுனேன்னு.”

“ஏட்டி, உனக்கு வேலை?”

“அதான் போயிட்டே. இனி என்னத்தக்கா மறைக்க?”

லேபிளை மெல்லச் சுரண்டி எடுத்தேன். பசை வலுவாகப் பிடித்திருந்தது, வர மாட்டேன் என்றது. வெளியே வராது என்று சத்தியம் பண்ணின பேரை நானே ஸ்கேன் செய்து ஏற்றினேன். அன்று சாயங்காலமே மற்ற இரண்டு வீட்டுக்கும் லேபிள் போய்விட்டது என்று சொன்னார்கள். அவள் வீட்டுக்கு அப்புறம் போகவே இல்லை. குளத்தூர்ப் பக்கம் உப்பளத்துக்கு விடிகாலை பஸ் பிடித்துப் போக ஆரம்பித்தாள்.

மூன்றாம் தரப்பு மறுக்கிறது, ஆகவே தர இயலாது என்று பதில் வந்தது. மேல்முறையீடு எழுதினோம். இந்தத் தடவை நான் வெப்சைட்டில் ஒரு வரி போடவில்லை, போனில் யாரையும் ஏசவில்லை. இரண்டு பேரும் மேலதிகாரி முன்னால் போய் நின்றோம். கையைக் கட்டிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பதிவுத் தபால் வந்தது.

உறையைப் பிரிக்காமலே கடைக்குக் கொண்டுவந்தாள். கூடவே தங்கையும் வந்திருந்தாள். முந்தானைக்குள் இரண்டு கையையும் பொத்தி வைத்துக்கொண்டு, வாசல் பக்கமாகவே ஒதுங்கி நின்றாள். நான்தான் பிரித்தேன். ஆஜர் பட்டியல். முத்திரை பதிந்த நகல். ஏழாவது வரியில் தங்கையின் பேர், எதிரே அவள் போட்ட கோணல் கையெழுத்து. அக்காக்காரி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

“இதையும் போட்டுருங்கக்கா, ஊரு பாக்கட்டும்” என்றாள்.

ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு மேசை டிராயரைக் குடைந்தேன். கத்திரிக்கோல் கிடைத்தது. கெட்டித் தாளும் இருந்தது. பட்ட அடி அப்படி. இந்த முறை ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்று ஏழாவது வரியின் அகலத்துக்குத் தாளை அளந்து வெட்டத் தொடங்கினேன்.

“அக்கா, என்ன செய்யுதீங்க?” அதுவரை வாயே திறக்காத தங்கைதான் கேட்டாள்.

“உம் பேர மறைக்கணும்லாம்மா.”

அவள் மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். முந்தானைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் மடங்கியிருந்தன. அந்தக் கையாலேயே நான் வெட்டிய தாளை ஓரமாகத் தள்ளிவிட்டாள்.

“மறைக்காதீங்கக்கா. அன்னைக்கு நான் வேலைக்கு வந்திருந்தேன்” என்றாள்.