மூன்று மணிக்கு மாற்றிய ஆட்டம்

மெட்டில்டாவுக்கு நாற்பத்தொரு வயது. தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் பதினேழு வருஷமாக வேலை. எந்தக் கண்டெய்னர் எந்தக் கப்பலில் ஏற வேண்டும், எத்தனை மணிக்குள் யார்டுக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள் பொறுப்பு. கெடு தாண்டிவிட்டால் பெட்டி கரையிலேயே கிடக்கும், கப்பல் யாருக்காகவும் நிற்காது. அவள் பட்டியல் போட்டு ஒரு பெட்டிகூட அப்படிக் கிடந்ததில்லை. கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களெல்லாம் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அவள் தம்பி செபாஸ்டின் கப்பலில் வேலை பார்க்கிறவன். லீவில் வரும்போது மற்றவர்கள் சென்ட்டும் சாக்லேட்டும் கொண்டுவந்தால், இவன் பெட்டி பெட்டியாக மேசை விளையாட்டுகளைக் கொண்டுவருவான். நாடு பிடிக்கிற ஆட்டம், ரயில் பாதை போடுகிற ஆட்டம், ஒருவரோடொருவர் பேசாமலே சேர்ந்து ஆடுகிற ஆட்டம். அவன் கப்பலேறிய பிறகு பெட்டிகள் வீட்டில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நாலைந்து பேர் வீட்டில் கூடி ஆட ஆரம்பித்தார்கள். கண்டெய்னர் யார்டில் கணக்கராக இருந்த கிளைட்டன் வந்து சேர்ந்தான். பிறகு திருநெல்வேலியிலிருந்து ஒருத்தர், நாகர்கோவிலிலிருந்து ரெண்டு பேர். வீடு கொள்ளாமல் போய், வருஷத்துக்கு ஒருமுறை மண்டபம் பிடித்து இரண்டு நாள் நடத்தலாம் என்று முடிவானது. மேசை விளையாட்டு மாநாடு என்று சொன்னதும், “எந்தக் கட்சிம்மா?” என்று மண்டப மேனேஜர் கேட்டார்.

ஆறாவது வருஷம் தொண்ணூறு பேர் பதிவு செய்தார்கள். சென்னையிலிருந்தெல்லாம் ஆள் வந்தது. எல்லாவற்றுக்கும் அச்சாணி மெட்டில்டாதான். செப்டம்பரிலேயே சார்ட் பேப்பரை வாங்கித் தரையில் விரித்துவிடுவாள். மூளைக்கு வேலை வைக்கிற பெரிய ஆட்டங்கள் காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குகிற நேரத்தில் சிரித்துக் கூச்சல் போடுகிற சின்ன ஆட்டங்கள். சத்தம் போடுகிற மேசைகள் வாசல் பக்கம், யோசிக்கிற மேசைகள் மேடை ஓரம். முதல்முறை வருகிறவர்களை, தோற்றாலும் முகம் சுளிக்காத ஆட்களோடு உட்கார வைப்பாள். பிந்தி வருகிறவர்களுக்காக ஒரு மேசை எப்போதும் காலியாகக் கிடக்கும். யாருக்கு யாரோடு ஆகாது என்பதுகூட அவளுக்குத் தெரியும். அந்தத் தாளில் நாலு நிற ஸ்கெட்ச் பேனாவால் அவள் எழுதிவிட்டால் அப்புறம் அதில் மாற்றம் கிடையாது.

அந்த வருஷம் மாநாடு டிசம்பர் பதினாறும் பதினேழும். சனிக்கிழமை நன்றாக நடந்தது. சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டிருந்த கிளைட்டன் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, நாளைக்கு மழை பலமா இருக்கும்ங்கான். பேசாம இத்தோட முடிச்சிருவமா?”

“மெட்ராஸ்லருந்து வந்தவங்கள என்ன செய்யச் சொல்லுத? அவங்க மண்டபத்துலதான தங்கியிருக்காங்க. நனையவா போறாங்க?”

“உள்ளூர்க்காரங்க வந்து போகணும்லா.”

“மழை என்ன நமக்குப் புதுசா?” என்றாள் மெட்டில்டா.

கிளைட்டன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் சொன்னால் அதற்கப்புறம் யாரும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை சீராகப் பெய்துகொண்டிருந்தது. ஒன்பதரை மணிக்குச் சந்தனச்செல்வி ஸ்கூட்டியில் தொப்பலாக நனைந்து வந்து இறங்கினாள். இருபத்தாறு வயது. சாயர்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். தனியார் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அப்பா இல்லை, அம்மா வடிவம்மாளும் அவளும்தான். மூன்று வருஷமாக மாநாட்டுக்கு வருகிறாள். இந்தத் தடவை அவளே உண்டாக்கிய ஆட்டத்தோடு வந்திருந்தாள். அதன் பெயர் ‘ரூட்டு’. சாயர்புரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மினி பஸ் ஓட்டுகிற ஆட்டம். மீன் கூடைக்காரி ஏறினால் பின்சீட்டு காலியாகிவிடும், காலேஜ் பிள்ளைகள் ஏறினால் பாட்டுப் போட வேண்டும், பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஏறினால் வழியில் எங்கும் நிறுத்தக் கூடாது. எல்லா அட்டைகளையும் கையால் வரைந்து, அரிசிப் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, தன் மேல் போடாத ரெயின்கோட்டை அதன் மேல் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

பத்து மணிக்கு நாலாம் மேசையில் ‘ரூட்டு’ என்று தாளில் இருந்தது. அதைப் பார்ப்பதற்காகவே, விளையாட்டுகளைத் தயாரித்து விற்கிற ஒரு கம்பெனிக்காரர் மதுரையிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். மெட்டில்டாதான் நாலு மாதமாகப் பேசி அவரை வரச் சம்மதிக்க வைத்தவள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் போன் செய்தார். வழியில் மழையில் மாட்டிக்கொண்டோம், வந்து சேர மதியம் இரண்டு மணி ஆகிவிடும் என்றார்.

மெட்டில்டா தாளைப் பார்த்தாள். மதியம் மூன்று மணி ஆட்டம் ஒன்றை அடித்துவிட்டு அங்கே ‘ரூட்டு’ என்று எழுதினாள். அந்தத் தாளில் அவள் செய்த முதல் அடித்தல் அதுதான்.

“அக்கா, நான் சோத்துக்கு வந்திருவேன்னு அம்மட்ட சொல்லிட்டு வந்தேன்” என்றாள் செல்வி. “மழை வேற இப்படிப் பெய்யுது. அம்ம தனியா இருப்பா.”

“ஏளா, ஒன்னோடதப் பாக்கத்தான் அந்தாளு அம்புட்டுத் தூரத்துலருந்து வாராரு. இத விட்டா அடுத்த வருசந்தான். இரு.”

செல்வி கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு, “சரிக்கா” என்றாள். அம்மாவுக்குப் போன் போட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

கம்பெனிக்காரர் இரண்டரைக்கு வந்தார். மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. இருபது நிமிஷத்தில் மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். கம்பெனிக்காரர் மீன் கூடைக்காரியை ஏற்றிவிட்டுத் தலையில் கை வைத்துச் சிரித்தார். முடிந்ததும், “இதை நாங்க போடுறோம்மா. அட்டைகளைப் பத்திரமா இங்க வச்சிட்டுப் போங்க, நான் போட்டோ எடுத்துக்கிறேன்” என்றார். செல்விக்கு முகமெல்லாம் பல். மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஐந்தே கால் இருக்கும். மெட்டில்டா கடைசிச் சுற்றுக்கு யார் யார் எந்த மேசை என்று எழுதிக்கொண்டிருந்தாள். எட்டுப் பேர் வர வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் வந்திருந்ததால் பெரிய குழப்பம்.

“அக்கா, வாரேன்.”

“இங்கனயே இருந்துட்டுக் காலைல போயேன். பொம்பளப் பிள்ளைங்க நாலு பேரு தங்குதாங்கல்லா.”

“அம்ம தனியாக்கா. பழகுன ரோடுதான.”

“சரி, பாத்துப் போ” என்றாள் மெட்டில்டா. தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒன்பதாவது ஆளை எங்கே உட்கார வைப்பது என்பதுதான் அப்போது அவள் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு பெய்த மழையைத் தூத்துக்குடிக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். மறுநாள் விடியும்போது தெருவில் இடுப்பளவு தண்ணீர். மண்டபத்தின் கீழ்த்தளத்தில் பந்திப் பெஞ்சுகள் மிதந்தன. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. மேல்தளத்தில் நாற்பத்தாறு பேர் மாட்டிக்கொண்டார்கள். மெட்டில்டா ஆட்ட அட்டவணைத் தாளையே திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினாள். மிச்ச அரிசி எத்தனை வேளைக்கு வரும், சமைக்கிறவர் யார், மழைத் தண்ணீர் பிடிக்கிறவர் யார், சர்க்கரை நோய்க்காரர் இரண்டு பேருக்கு முதலில் சாப்பாடு. பெண்களுக்கு மேடைப் பக்கம், ஆண்களுக்கு வாசல் பக்கம். அழுகிறவர்களை உட்கார வைத்து ஆட்டம் ஆட வைத்தாள். மூன்று நாள். ஒருத்தருக்கும் ஒரு கீறலில்லை. இந்த அக்கா மட்டும் இல்லாவிட்டால் என்று சென்னைக்காரர்கள் கைகூப்பினார்கள். நடுவில் ஒருமுறை, “நல்லவேளை, செல்வி வீடு போய்ச் சேந்துட்டா. இங்கன கிடந்து அல்லாடாம” என்று கிளைட்டனிடம் அவள் சொன்னாள்.

புதன்கிழமை மத்தியானம் சிக்னல் வந்தது. செல்விக்குப் போட்டாள், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னும் கரண்ட் வந்திருக்காது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கிளைட்டன் படியேறி வந்தான். அவன் நடந்து வந்த விதத்தைப் பார்த்து அவள் எழுந்து நின்றாள்.

“அக்கா, செல்வி வீட்டுக்குப் போவலயாம்.”

சாயர்புரத்துக்கு முன்னால் ஒரு தரைப்பாலம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி சுமாருக்கு அதன் மேல் வெள்ளம் ஏறிப் பாய்ந்திருக்கிறது. ஸ்கூட்டி பாலத்துக்குக் கீழே கிடந்தது. செல்வியை ஒரு மைல் தள்ளி உடைமரக் காட்டுக்குள் அன்று காலையில்தான் கண்டெடுத்தார்கள்.

மெட்டில்டா அழவில்லை. மணிக்கணக்குத்தான் அவளுக்குள் ஓடியது. பத்து மணிக்கு ஆட்டம் ஆரம்பித்திருந்தால் பதினொன்றரைக்கு முடிந்திருக்கும். பன்னிரண்டுக்குக் கிளம்பியிருப்பாள். பன்னிரண்டே முக்காலுக்கு அந்தப் பாலத்தைத் தாண்டியிருப்பாள். அந்நேரம் பாலத்தில் தண்ணீர் இல்லை. அதை நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை, நிவாரணச் சாமான் ஏற்றிப் போன லாரியில் அவளும் கிளைட்டனும் அந்த ஊருக்குப் போனார்கள். வீட்டுச் சுவரில் ஆள் நெஞ்சுயரத்துக்குச் சேற்றுக் கோடு. வடிவம்மாள் நடுவீட்டில் வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தாள். மெட்டில்டா எதிரில் உட்கார்ந்தாள். கொண்டுவந்திருந்த ‘ரூட்டு’ பெட்டி மடியில் இருந்தது.

“எத்தன மணிக்குக் கிளம்புனா?” என்று கேட்டாள் வடிவம்மாள்.

“அஞ்சே காலுக்கும்மா.”

“காலைல முடிஞ்சிரும், சோத்துக்கு வந்திருவேன்னுலா சொன்னா. சோறு வடிச்சு வச்சிருந்தேன்.”

வழியெல்லாம் கிளைட்டன் சொல்லிக்கொண்டு வந்திருந்தான், “நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம்க்கா, சொல்லி என்ன ஆவப்போவுது” என்று. மெட்டில்டாவால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“காலைல பத்து மணிக்குத்தாம்மா இருந்துச்சு. நான்தான் மூணு மணிக்கு மாத்தி வச்சேன். அவ போணும்னு சொன்னா. நான்தான் இருக்கச் சொன்னேன்.”

வடிவம்மாள் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே யாரோ மண்வெட்டியால் சேற்றை வழிக்கிற சத்தம் கேட்டது.

“நீ சொல்லாம இருந்திருக்கலாம்” என்றாள் கடைசியில். குரல் உயரவில்லை. “ஆறு நாளா தண்ணியத்தான் வைஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். தண்ணி யாரு பேச்சையும் கேக்காது, அதுக்குக் கண்ணு கிடையாதுன்னு ஒரு மாதிரி மனச ஆத்திக்கிட்டேன். இனி தூங்கப் போம்போது ஒன் மூஞ்சியில்லா வந்து நிக்கும். ஒனக்கு நெஞ்சு பாரம் கொறையணும்னு எங்கிட்ட இறக்கி வச்சிட்ட. எந்திரிச்சுப் போ தாயி.”

பெட்டியை அவள் வாங்கவில்லை. மெட்டில்டா எழுந்து வந்தாள். லாரி வருகிறவரை ரோட்டோரம் நின்றாள். அந்த அம்மாள் சொன்னது சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று போனது தன்னால் தாங்க முடியாமல்தானே தவிர, அந்தத் தாய்க்கு அதனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. மேசைக்கு மேசை ஆள் பார்த்து உட்கார வைத்தவளுக்கு இது தோன்றாமல் போயிற்று.

கம்பெனிக்காரர் பிப்ரவரியில் எழுதினார். செல்வி பெயரிலேயே ஆட்டத்தை வெளியிடலாம், அம்மா ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று. கிளைட்டன் காகிதத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். வடிவம்மாள் போட மறுத்துவிட்டாள். “அந்த வெளாட்டுக்காகத்தான அவ அங்கன இருந்தா. அது ஊர் பூரா கடையில இருக்கதப் பாக்கச் சொல்லுதியா?” என்று கேட்டாளாம். ‘ரூட்டு’ வரவில்லை. கொஞ்ச நாளில் வடிவம்மாள் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாத்தான்குளத்தில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டாள்.

மாநாட்டை விட்டுவிடத்தான் மெட்டில்டா நினைத்தாள். ஒரு வருஷம் நடக்கவும் இல்லை. அதற்கடுத்த வருஷம் திருநெல்வேலிக்காரர்கள் தாங்களே எடுத்து நடத்துவதாகச் சொல்லி, தேதி குறித்து, அட்டவணையை அவளுக்கு அனுப்பினார்கள். நவம்பர் மாதம், கடைசி ஆட்டம் ராத்திரி ஏழு மணிக்கு. அதைப் பார்த்த அன்றைக்கே அவர்களுக்குப் போன் செய்தாள். நானே போடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.

இப்போது மாநாடு பிப்ரவரியில் நடக்கிறது. நாலு மணிக்கு மேல் ஒரு ஆட்டமும் கிடையாது. பதிவு செய்கிறவர்கள் எந்த வழியாக, எதில் ஊர் திரும்புவார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்டம் அறிவித்த மணிக்கு, யார் வந்தாலும் வராவிட்டாலும் ஆரம்பிக்கும். கிளம்புகிறவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் விடை கொடுக்கிறாள். எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்ததாகப் போன் வருகிறவரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் வார்டன் மாதிரி இருக்கிறதே என்று புதிதாக வருகிற ஒன்றிரண்டு பேர் சிரிப்பார்கள். தெரிந்தவர்கள் சிரிப்பதில்லை.

இதெல்லாம் செய்தால் மனசு ஆறும் என்று அவள் நினைக்கவில்லை. ஆறவும் இல்லை. ஆபீஸில் கப்பல் பட்டியலில் ஒரு வரி மாற்றச் சொன்னால்கூட எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மாற்றுகிறாள்.

கிளைட்டன் வருஷத்துக்கு இரண்டு தடவை சாத்தான்குளம் போய் வடிவம்மாளைப் பார்த்துவிட்டு வருவான். அவனும் சொல்ல மாட்டான், இவளும் கேட்க மாட்டாள். போன மாதம் போய்விட்டு வந்தவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

“அந்த அம்மா ஒங்களக் கேட்டாவ.”

மெட்டில்டா நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பொம்பள இன்னும் அத நடத்துதாளான்னு கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“ஆமான்னேன்.”

“அதுக்கு?”

“ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டாவ. நான் கிளம்புற வரைக்கும் வெளிய வரல.”

மெட்டில்டா தலையை ஆட்டிக்கொண்டாள். அவன் ஆபீஸை விட்டுப் போன பிறகு வேலைக்குத் திரும்பினாள். மேஜை மேல் மறுநாள் காலை புறப்படுகிற கப்பலின் பட்டியல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பெட்டி. முதல் வரியிலிருந்து சரிபார்க்கத் தொடங்கினாள்.