யோங் பெங்கில் சனிக்கிழமைக் கிரேக்கம்

நீதிமன்றத்தில் பாதி வேலை காத்திருப்பதுதான். வழக்கறிஞர் வந்திருக்க மாட்டார், வந்தால் கோப்பு வந்திருக்காது, இரண்டும் வந்தால் மாஜிஸ்திரேட்டுக்கு அவசரக் கூட்டம் ஏதாவது வந்துவிடும். ரெங்கம் கஸ்தூரி இப்படிக் காத்திருந்தே இருபத்தாறு வருஷத்தை ஓட்டியவள். அவள் ஜுருபஹாசா. தமிழ் சாட்சிகள் சொல்வதை மலாயில் மாஜிஸ்திரேட்டுக்கும், அவர் கேட்பதைத் தமிழில் சாட்சிகளுக்கும் எடுத்துச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர். மற்றவர்கள் அந்த நேரத்தில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பார்கள். கஸ்தூரி தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து புத்தகம் படிப்பாள்.

ஏழு வருஷத்துக்கு முன் ஜொகூர் பாருவில் ஒரு பழைய புத்தகக் கடையை மூடினார்கள். அங்கே அட்டை கிழிந்த தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று அவள் கைக்கு வந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன் வாழ்ந்த ஒரு கிரேக்கர் எழுதிய வரலாறு அது. பெரிய போர் ஒன்று எதனால் மூண்டது என்று சொல்லத் தொடங்கியவர், நடுவில் எகிப்துக்குப் போய் முதலையைப் பார்ப்பார். அங்கிருந்து பாலைவனத்துக்குப் போய், பொன் தோண்டும் எறும்பைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வருவார். பிறகு ஞாபகம் வந்தவர்போலப் போருக்குத் திரும்புவார். படிக்கப் படிக்கக் கஸ்தூரிக்கு ஏதோ பழகிய குரலாக இருந்தது. இவரும் ஊர் ஊராகப் போய்ச் சாட்சிகளை விசாரித்தவர்தானே என்று தோன்றியது. இப்போது வரலாறு என்று பொருள்படும் அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு அந்தக் காலத்தில் விசாரிப்பது என்றுதான் பொருள் என்று முன்னுரையில் போட்டிருந்தது. அதைப் படித்த அன்று அவள் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, வெளியே பெய்த மழையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேறொருவர் வாய்வழியாகக் கேட்கிறோம் என்பதுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது. மொழிபெயர்ப்பு என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மூலத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று கிரேக்க இலக்கணம் ஒன்றை வரவழைத்தாள். எழுத்துகளைக் கோலம் பழகுவதுபோலத் தாளில் வரைந்து பழகினாள். கணவர் செல்வாவுக்கு சிங்கப்பூரில் வேலை. வெள்ளி மாலை வந்து ஞாயிறு திரும்பிவிடுவார். அவர் ஒருநாள் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த வயதில் யாரிடம் போய்ப் பேசுவதற்கு என்று கேட்டார். அவள் தாள்களைத் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கண்ணாலேயே படித்தாள். அந்த மொழி காதில் எப்படி விழும் என்பதே அவளுக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, அக்காவைப் பார்க்க யோங் பெங் போனவள், திரும்பும் வழியில் ஓர் உணவகத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினாள். மதியம் மூன்று மணி. சாப்பாட்டுக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் வராத நேரம். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் கிரேக்கப் பாடத்தை விரித்து வைத்திருந்தாள். தேநீரைக் கொண்டுவந்த கடைக்காரர் கோப்பையை வைத்துவிட்டு நகராமல் நின்றார். பிறகு எதிர்ப்புறத்திலிருந்தே, தலைகீழாகத் தெரிந்த வரியைச் சரளமாக உரக்கப் படித்தார்.

கஸ்தூரி நிமிர்ந்தாள். இரண்டு வருஷமாக ஊமையாகக் கிடந்த எழுத்துகள் அலைபோல ஏறி இறங்கிக் காதில் விழுந்தன.

"நானா, உங்களுக்கு கிரீக் தெரியுமா?"

"இது என்னா எழுதியிருக்குன்னு தெரியாது தங்கச்சி. படிக்க மட்டும் வருது. நான் பதினாலு வருஷம் கிரீஸ்காரன் கப்பல்ல சமையல்."

அவர் பெயர் ருக்னுதீன். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். தொண்டிப் பக்கத்துக்காரர். சரக்குக் கப்பலில் உலகம் சுற்றிவிட்டு, யோங் பெங்கில் கடை வைத்திருந்தவரின் மகள் பரக்கத் நிஷாவைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். கப்பலில் பேசியது இன்றைய கிரேக்கம். உப்பு, மீன், கயிறு, காற்று, கெட்ட வார்த்தைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓய்வு நேரத்தில் கப்பலில் கிடந்த செய்தித்தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்ததில் வாசிப்பும் வந்திருந்தது. பழைய கிரேக்கத்தில் பத்துச் சொல்லுக்கு இரண்டு சொல்தான் அவருக்குப் பிடிபட்டது. கஸ்தூரிக்கு இலக்கணம் பிடிபட்டது, வாய் வரவில்லை. இருவரும் சேர்ந்தால் ஓர் ஆள் ஆனார்கள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மூன்று மணிக்கு அவள் கார் அந்தக் கடை வாசலில் நிற்கத் தொடங்கியது. ருக்னுதீன் ஒரு வரி வாசிப்பார். கஸ்தூரி அதைப் பிரித்துப் பொருள் சொல்வாள். அவர் குரலில் கேட்கும்போது கடை மெல்ல மங்கிப்போகும். கண்ணாடி அலமாரியில் இருந்த கோழிக்கறித் தட்டுகள், சுவர்க் கடிகாரம், வெளியே நெடுஞ்சாலைக்குத் திரும்பும் லாரிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல் ஆகிவிடும். கடல் என்ற சொல் வரும்போதெல்லாம் அவர் சற்று நிறுத்துவார். அந்தச் சொல் மட்டும் இத்தனை நூற்றாண்டில் அநேகமாக மாறவே இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். கல்லாவில் இருந்து பரக்கத் நிஷா இவர்களைப் பார்த்தும் பார்க்காததும்போல இருப்பாள்.

ஒரு வாரம் ஒரு விசித்திரமான பகுதி வந்தது. ஒரு தீவு மக்கள் தங்கள் பூர்வீகத்தைப் பற்றி அந்த வரலாற்றாசிரியரிடம் சொன்னது. ஆங்கிலத்தில் "அவர்கள் சொல்கிறார்கள்" என்று தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு, அதற்கப்புறம் வந்தார்கள், போனார்கள், கொன்றார்கள் என்று நேராகவே போய்க்கொண்டிருந்தது. கிரேக்கத்தில் அப்படி இல்லை. அது அவர் கண்ணால் கண்டதல்ல, கேட்டது என்பதை வரிக்கு வரி வினைச்சொல்லின் உருவமே காட்டிக்கொண்டிருந்தது. இதை ருக்னுதீனுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தவள், சட்டென்று தமிழில் சொன்னாள். வந்தாங்களாம். போனாங்களாம். கொன்னாங்களாம்.

"அதானே," என்றார் ருக்னுதீன். "இதுக்கு ஏன் இம்புட்டு நேரம் யோசிச்சீங்க?"

இருவரும் சிரித்தார்கள். ஆங்கிலத்தில் காணாமல் போனது தமிழில் அப்படியே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீதிமன்றத்தில் ஒரு திருட்டு வழக்கு. தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளைத் திருடி விற்றதாக தங்கராஜு என்ற லாரி ஓட்டுநர் மேல் குற்றச்சாட்டு. சாட்சி சொல்ல வந்தவர் அங்கம்மா, தோட்டத்து லைன் வீட்டில் இன்னும் குடியிருக்கும் கிழவி. தங்கராஜு லோரியைக் கொண்டுவந்து நிறுத்தினான், அப்புறம் குலையெல்லாம் ஏத்தினானாம், ஏத்திக்கிட்டு ரோட்டுப் பக்கம் போனானாம் என்று மூச்சு விடாமல் சொன்னார். கஸ்தூரி மலாயில் சொன்னாள்: நிறுத்தினான், ஏற்றினான், போனான். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். சாட்சி இறங்கினார். மதிய இடைவேளை விட்டார்கள்.

உணவு விடுதியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது, வாசலில் யாரோ ஒரு பெண் தொலைபேசியில் "வந்துட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டு கடந்துபோனாள். கஸ்தூரியின் கை நின்றுவிட்டது. காலையில் அங்கம்மா சொன்னது ஒவ்வொரு சொல்லாக, ருக்னுதீன் நிதானமாக வாசிப்பதுபோல அவளுக்குள் திரும்ப ஓடியது. நிறுத்தினான். ஏத்தினானாம். போனானாம்.

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போய் மூத்த எழுத்தரிடம் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல. இதை நீயாகவே போய்க் கிளறினால் உன் பழைய வழக்குகளையும் தோண்டுவார்கள், பணி ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருஷம், பேசாமல் இரு என்று அவள் நன்மைக்குத்தான் சொன்னார். அதைக் கேட்டபோதுதான் அவளுக்கே உறைத்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை "போனானாம்" இப்படி வெறும் "போனான்" ஆகியிருக்கும்? வெயில் விழுந்த அந்தத் தாழ்வாரத்தில் பெயர் தெரியாத முகங்கள் வரிசையாக நின்று தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது. அவர்களில் ஒருவரைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

இரண்டு மணிக்கு நீதிமன்றம் கூடியதும் எழுந்து அனுமதி கேட்டாள். காலையில் தன் மொழிபெயர்ப்பில் பிழை இருந்தது, திருத்த வேண்டும் என்றாள். தமிழில் வினைச்சொல்லின் கடைசியில் ஓர் அசை சேர்ந்தால் சொல்பவர் அதைப் பார்க்கவில்லை, கேட்டிருக்கிறார் என்று பொருள் என்பதை மலாயில் விளக்கினாள். மாஜிஸ்திரேட் இளம் பெண். பேனாவை வைத்துவிட்டு முழுவதையும் கேட்டார். பிறகு அங்கம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றச் சொல்லி, குலை ஏற்றியதை நேரில் பார்த்தீர்களா என்று கேட்டார்.

"நான் எங்க பாத்தேன்மா?" என்றார் அங்கம்மா, கஸ்தூரியைப் பார்த்து. "லோரி வந்து நின்னத பாத்தேன். எனக்கு கால்வலி, உள்ள போய்ப் படுத்துட்டேன். மத்ததெல்லாம் என் மருமவ சொன்னா."

மருமகளை அழைத்தார்கள். அவளும் இன்னொருவர் சொல்லிக் கேட்டவள்தான். பார்த்தவர் என்று ஒருவரும் கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு தங்கராஜு விடுதலையானான். திருடினானா இல்லையா என்பது கஸ்தூரிக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தாள். மறுகடிதம் வரவில்லை.

திருத்தம் சொன்ன அந்த வாரச் சனிக்கிழமை அவள் புத்தகத்தைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பழைய வழக்குகளைப் பற்றி ருக்னுதீனிடம் சொன்னாள். எத்தனை பேர் உள்ளே போனார்களோ, எதற்குப் போனார்களோ என்றாள். அவர் தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அதுக்கு என்னால பதில் சொல்ல முடியாது தங்கச்சி," என்றார் கடைசியில். "இனிமே காது குடுத்துக் கேப்பீங்க. அது நிச்சயம். இன்னிக்கு வாசிக்கவா, வேணாமா?"

வாசிக்கச் சொன்னாள். பாரசீக மன்னன் படகுகளை வரிசையாகக் கட்டிக் கடலுக்கு மேல் பாலம் போட்ட இடம். அந்த நீரிணை வழியே ருக்னுதீன் பலமுறை கப்பலில் போயிருக்கிறார். விடியும்போது இரண்டு கரையிலும் விளக்கு தெரியும், சத்தம் போட்டால் கேட்டுவிடும் போலிருக்கும் என்றார்.

அப்போது பரக்கத் நிஷா கல்லாவை விட்டு எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மூணு வருஷமா ரெண்டு பேரும் முணுமுணுக்கிறீங்க. எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

கஸ்தூரி சொன்னாள். முதல் பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போயிற்றாம். மன்னனுக்குக் கோபம் வந்து கடலுக்குச் சவுக்கடி கொடுக்கச் சொன்னானாம். கடல் என்ன செய்யும் பாவம் என்றாள் பரக்கத் நிஷா. அடுத்து என்ன என்று கேட்டாள். மறுபடி பாலம் கட்டினானாம், அதைக் கடக்கப் படைக்கு ஏழு நாள், ஏழு இரவு ஆயிற்றாம்.

வீட்டுக்குப் போய் அதைத் தமிழிலேயே எழுதிப் பார்த்தாள் கஸ்தூரி. அடுத்த வாரமும் எழுதினாள். இப்போது மூன்றாவது நோட்டு ஓடுகிறது. செல்வா சில சனிக்கிழமைகளில் கூடவே வந்து, ஒரு ரொட்டிக்குச் சொல்லிவிட்டு அடுத்த மேசையில் உட்கார்ந்துகொள்கிறார். காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொள்வார். மழை பெய்யும் மதியங்களில், ருக்னுதீன் வாசிக்க அவள் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சாலை எதிரே இருக்கும் செம்பனைகளுக்கு இடையில் ஈட்டியும் மூட்டையுமாக ஒரு படை நனைந்துகொண்டே நடந்துபோவதுபோல் இருக்கும். ஏழு நாள், ஏழு இரவு, நிற்காமல். அது கடந்துபோகும் வரைக்கும் நால்வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.